பிக்கப்பை மாற்றும் முன் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசிப்பை நிறுத்தியதும் எலெக்ட்ரிக் கிட்டாரில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் ஹம் கேட்கிறதே, என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் உங்கள் கேள்வி–பதில் பகுதியில் கேட்டிருந்தார். "நாய்ஸ்லெஸ் பிக்கப் வாங்கிப் போடுங்கள், போய்விடும். அப்படியும் போகாவிட்டால் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிப் பாருங்கள்" என்று பதில் வந்திருந்தது. (பிக்கப் என்பது தந்தியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் பாகம்; நாய்ஸ்லெஸ் என்பது ஹம்மைக் கழிக்கும்படி செய்த வகை; ஆம்ப் என்பது அந்தச் சிக்னலைப் பெருக்கி ஒலிக்கும் பெட்டி.) முதல் யோசனை அரைகுறை. இரண்டாவது உயிருக்கு உலை வைப்பது. கிட்டார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

பிக்கப்புக்குப் பணம் செலவழிக்கும் முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆம்ப்பை ஆன் செய்து, கிட்டாரின் வால்யூமை முழுவதும் குறையுங்கள். வழக்கமான வயரிங்கில் வால்யூம் பூஜ்யத்துக்கு வந்ததும் கேபிள் செருகும் ஜாக்குக்குப் போகும் ஹாட் வயர், அதாவது ஒலிச் சிக்னலைச் சுமக்கும் வயர், கிரவுண்டோடு சேர்ந்துவிடும். பிக்கப் பேசவே முடியாது. அப்போதும் ஹம் அப்படியே இருந்தால் குற்றவாளி பிக்கப் அல்ல. கேபிள், பெடல்களுக்கு (ஒலியை மாற்றும் கால் பெட்டிகளுக்கு) மின்சாரம் தரும் அடாப்டர், ஆம்ப் ஆகிய மூன்றில் ஒன்று. உலகிலேயே விலை உயர்ந்த பிக்கப்பைப் போட்டாலும் இந்தச் சத்தம் ஒரு துளி குறையாது. ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ஐந்தாறு பெடல்களுக்கு மின்சாரம் கொடுத்திருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். கேபிளை நேராக ஆம்ப்பில் செருகியும் தீரவில்லை, அதுவும் பழைய வால்வ் ஆம்ப் என்றால், மின்வழங்கியின் ஃபில்டர் கண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கலாம். அதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

வால்யூமைக் கூட்டினால்தான் சத்தம் வருகிறதா? இப்போது தந்திகளைக் கையால் தொடுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால், அது மின்புலத்தால் வரும் கரகரப்பு. விளக்கு டிம்மர், டியூப் லைட், சார்ஜர் போன்றவை கிளப்பிவிடுவதை உங்கள் உடலே ஆன்டெனா போல வாங்கிக் கிட்டாரின் உள் வயர்களுக்குக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டதும் உடல் கிரவுண்டோடு சேர்வதால் அடங்குகிறது. இதற்கு மருந்து ஷீல்டிங், அதாவது உள் வயர்களைச் சுற்றிக் கிரவுண்டோடு சேர்ந்த கவசம். தந்தியைத் தொட்டால் பலனில்லை, ஜாக்கின் உலோகத் தகட்டைத் தொட்டால் மட்டும் அடங்குகிறது என்றால், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கிறது. எதைத் தொட்டாலும் சத்தம் கூடினால் ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறிவிட்டன. இரண்டுக்கும் ஒரு சொட்டு ஈயம் போதும்.

கடைசியாக, தந்தியில் கை வைத்தபடியே நாற்காலியில் மெல்ல ஒரு சுற்று திரும்புங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது ஹம் ஏறி, இன்னொரு கோணத்தில் கிட்டத்தட்ட மறைந்தால், அது காந்தப்புலத்தால் வருவது. சுவரில் ஓடும் மின்வயர்களும், ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணிலேயே, அதாவது நாட்டுக்கேற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், காந்தப்புலத்தை வீசிக்கொண்டிருக்கின்றன. பிக்கப் என்பதே காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். அது இதையும் வாங்கிக்கொள்கிறது. நாய்ஸ்லெஸ் பிக்கப் தீர்ப்பது இந்த ஒன்றைத்தான்.

பிக்கப்பும் வயர்களும் இருக்கும் கிட்டாரின் குழி முழுக்கத் தாமிரத் தகடு ஒட்டிவிட்டு "ஹம் போகவில்லையே" என்று வருந்துகிறவர்கள் ஏராளம். மெல்லிய தாமிரத் தகடும் கார்பன் பெயின்டும் மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அவற்றை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். கரகரப்பு போய், அடியில் இருந்த ஹம் மட்டும் மிஞ்சும். இது தகட்டின் குறையல்ல, நோய் வேறு. அதே நேரம், நாய்ஸ்லெஸ் பிக்கப் போட்ட கிட்டாரிலும் ஷீல்டிங் சரியில்லாவிட்டால் கரகரப்பு வந்தே தீரும்.

இனி பிக்கப்புக்கு வருவோம். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற ஹம் கழிக்கும் பிக்கப்தான் இன்றைய பெரும்பாலான வடிவங்களுக்கு முன்மாதிரி. பக்கத்தில் பக்கமாக இரண்டு சுருள்கள். ஒன்றுக்கு மற்றது எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றில் மேலேறும்போது மற்றதில் கீழிறங்கி, கூட்டினால் பூஜ்யமாகிறது. தந்தியின் ஒலியும் இப்படியே அழிந்துவிடாதா? அங்கேதான் சூட்சுமம்: இரு சுருள்களின் காந்த முனைகளும் எதிரெதிர். தந்தியின் அசைவு இருமுறை தலைகீழாகி நேராகிவிடுவதால் ஒலி கூடுகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1957-இல் பிரிசிஷன் பேஸ் என்ற நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் போட்ட இரு துண்டு பிக்கப்பும் இதே கணக்குதான். அங்கே ஒவ்வொரு சுருளும் இரண்டு தந்திகளை மட்டும் கவனிக்கிறது.

ஹம்பக்கர் குழி உள்ள கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), டெலிகாஸ்டர் வகைக்காரர்களும், பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்திருப்பவர்களும்தான் தவிக்கிறார்கள். ஸ்ட்ராட் வகையில் நடு பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்முனை கொண்டதாக இருந்தால், ஐந்து நிலை சுவிட்சின் 2, 4 நிலைகளில் ஹம் தானாகவே அடங்கும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதிக டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது) இல்லாமல் வாசிப்பவருக்கு இதுவும் நல்ல ஷீல்டிங்கும் போதும். நாய்ஸ்லெஸ் செட் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

தேவைப்பட்டால், சிங்கிள் காயில் அளவுக்குள் அடங்கும் வகைகள் இரண்டு. முதலாவது ஸ்டாக்: மேலே ஒரு சுருள், அதற்குக் கீழே ஒன்று. மேல் சுருள் தந்தியைக் கேட்கிறது. கீழ்ச்சுருளுக்கு ஹம்மை வாங்கி எதிர்த்துக் கழிப்பதே வேலை. பார்க்க சாதாரண பிக்கப் போலவே இருக்கும், ஒலியும் அதற்கு மிக அருகில் வரும். ஆனால் கீழ்ச்சுருளும் தந்தியைக் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது. இரண்டுக்கும் ஒரே காந்தம் என்பதால் அந்த ஒலி எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்து, பளபளப்பான மேல்சுரங்களைக் கொஞ்சம் தின்றுவிடும். மலிவான ஸ்டாக் பிக்கப்புகள் மந்தமாக ஒலிப்பது இதனால்தான். நல்ல தயாரிப்பாளர்கள் இரு சுருள்களுக்கும் நடுவே இரும்புத் தடுப்பு வைத்தோ, கீழ்ச்சுருளில் சுற்றுகளைக் குறைத்தோ இதைச் சமாளிக்கிறார்கள்.

இரண்டாவது ரெயில்: இரண்டு ஒல்லிச் சுருள்கள், நடுவே இரண்டு எஃகுப் பட்டைகள். இது உண்மையில் சிறிய ஹம்பக்கர். ஒலி தடிப்பாக இருக்கும், வெளியீடு அதிகம். ஸ்ட்ராட்டின் கண்ணாடி போன்ற ஒலியை எதிர்பார்த்து இதை வாங்குகிறவர் ஏமாறுவார். தந்தியை இழுத்து வளைக்கும்போது ஒலி விட்டுப்போகாதது இதில் கூடுதல் லாபம். பட்டைக்கு இடைவெளி கிடையாதே. கனமான டிஸ்டார்ஷன் வாசிப்பவர் பிரிட்ஜில் மட்டும் ரெயில் போட்டு மற்ற இரண்டையும் அப்படியே விடலாம். ஆனால் பிரிட்ஜும் நடுவும் சேர்ந்த நிலையில் நடு பிக்கப்பின் ஹம் திரும்ப வரும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

இ.எம்.ஜி. நிறுவனத்துடையது போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் தனி ஜாதி. உள்ளேயே சிறு பெருக்கி, 9 வோல்ட் பேட்டரி, 25 கிலோ ஓம் பாட்கள் (வால்யூம், டோன் திருகுகளின் மின்தடைகள்). மிக அமைதியானவை, தந்திக்குக் கிரவுண்ட் வயர்கூடத் தேவையில்லை. கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றும் பழக்கம் வேண்டும். சாதாரண பிக்கப்போடு கலந்து போடுவது வீண் தொல்லை. மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணை, அதாவது சுருளின் மின்தடையை, வைத்துத் தரம் பார்க்காதீர்கள். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் சுமார் 6, பழைய பாணி ஹம்பக்கர் 7.5 முதல் 8, ரெயில் 16-ஐத் தாண்டியும் இருக்கும். கம்பியை மெல்லியதாக்கினாலே இந்த எண் ஏறிவிடும். ஒலி அதே வேகத்தில் ஏறாது. ஒலியின் குணத்தைச் சொல்வது இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு): ஸ்ட்ராட் வகை 2 முதல் 2.5 ஹென்றி, பழைய ஹம்பக்கர் 4 முதல் 5 ஹென்றி. தயாரிப்பாளர் இதைக் கொடுத்திருந்தால் அதை ஒப்பிடுங்கள். நாய்ஸ்லெஸ் என்று போட்ட ஒன்று 2.5 பக்கம் இருந்தால் மேல்சுரங்கள் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் யாரும் சொல்லாதது ஆழம். ஸ்டாக் பிக்கப் உயரமானது. வாங்கும் முன் பிக்கார்டை (கிட்டாரின் முன்பக்க மூடித் தகட்டை)க் கழற்றிக் குழியின் ஆழத்தை அளந்து, பிக்கப்பின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். அடியில் முட்டினால் தந்தியிலிருந்து தள்ளி இறக்க முடியாது. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துத் தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், தடித்த தந்திப்பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இருக்கட்டும். அங்கிருந்து காதுக்கேற்ப மாற்றலாம்.

பொருத்தும்போது அதிகம் சறுக்குவது வயர் நிறத்தில். நான்கு வயர் ஹம்பக்கரில் சீமோர் டங்கன் நிறுவனத்தின் கணக்குப்படி கறுப்பு ஹாட். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து டேப் சுற்றிவிட வேண்டும். பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்ட். டிமார்சியோ நிறுவனத்துடையதில் சிவப்பு ஹாட்; கறுப்பும் வெள்ளையும் சேரும்; பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்ட். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் ஒரு சுருள் தலைகீழாகும். தந்தியின் ஒலி தனக்குள்ளேயே கழிந்து தகரம் போலச் சன்னமாகும், ஹம்மோ கழிவதற்குப் பதில் இரட்டிப்பாகும். "புது பிக்கப், பழையதைவிட இரைகிறது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெற்றுக் கம்பியை வெட்டி விட்டுவிட்டால் கரகரப்பு.

மூடுமுன் மல்டிமீட்டரை, கிட்டாரில் செருகி ஆம்ப்பிலிருந்து கழற்றிய கேபிளின் மறுமுனையில் வைத்துப் பாருங்கள். ஒரு சுருள் 4 கிலோ ஓம் என்றால் தொடரிணைப்பில் ஏறத்தாழ 8 காட்ட வேண்டும். பாட் குறுக்கே இருப்பதால் சற்றே குறையும். 2 காட்டினால் இரு சுருளும் பக்க இணைப்பில் இருக்கின்றன. 4 மட்டும் காட்டினால் ஒரு சுருள் வேலை செய்யவில்லை. இதையொட்டி ஒன்று: ஒரு சுருளை மட்டும் எடுக்கும் காயில் ஸ்பிளிட் சுவிட்சைப் போட்டால் ஹம் திரும்பி வந்துவிடும். மெல்லிய ஒலியும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்றால் அந்தச் சுவிட்சைப் பக்க இணைப்புக்கு மாற்றுங்கள்.

வேறு வேறு தயாரிப்புகளைக் கலந்தால் ஃபேஸ், அதாவது எல்லாவற்றின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்று, பார்க்க வேண்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்குரூடிரைவரைப் பிக்கப்பின் முனையில் தொட்டுச் சட்டென்று எடுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். எல்லா பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மாறித் துள்ளுவதில் ஹாட்டையும் கிரவுண்டையும் மாற்றலாம். ஆனால் உலோக மூடியோ பின்னல் உறையோ அந்தக் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரித்துத் தனியாகக் கிரவுண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் மூடியே ஹாட்டாகி, கை பட்டதும் கரகரக்கும்.

நாய்ஸ் கேட் பெடல் பற்றி ஒரு வரி. வாசிக்காத நேரத்தில் வாயைப் பொத்துவது மட்டுமே அதன் வேலை. வாசிக்கும்போது ஹம் ஒலியோடேயே வரும், நீட்டிப் பிடிக்கும் சுரத்தின் வாலையும் நறுக்கிவிடும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை.

இனி அந்த எர்த் பின். கிட்டார் தந்தி பிரிட்ஜ் வழியாக ஜாக்கோடும், ஜாக் கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகக் கூட்டோடும், கூடு எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. ஆம்ப்புக்குள் ஏதாவது வயர் கூட்டில் பட்டுவிட்டால், எர்த் இருக்கும்வரை மின்சாரம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் தந்தியே மின்கம்பி. கையில் தந்தி, உதட்டருகே எர்த் ஆன மைக் என்றால், பாதை மார்பின் குறுக்கே. எர்த் கோளாறு எந்தப் பக்கம் இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். எர்த்தைக் கழற்றினால் சில சமயம் ஹம் அடங்குவது உண்மைதான். ஒரே கிட்டாரை இரண்டு ஆம்ப்களில் செருகினால் பிளக் வழியாகவும் கேபிள் வழியாகவும் எர்த் ஒரு வளையமாகிவிடுகிறது; அந்த வளையம் அறுபடுவதால் அப்படி. அதற்கு இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். போதாவிட்டால் சிக்னல் கேபிளின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசோலேஷன் பெட்டி போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள்.

இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். எர்த் பின் பற்றிய பதிலுக்குத் திருத்தம் மட்டும், பதில் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்ப்போர் சிலர்