பழைய ஹார்டு டிஸ்க்கும் புதிய கணினியும்

தர்மபுரி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சந்தூர்ப் பக்கம் மா நன்றாகப் பூவெடுத்திருக்கிறது என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கே பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை இறங்கிக் கிடக்கிறது. பறிகூலிக்காவது கட்டுமா என்பதுதான் எல்லோர் பேச்சும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கணினியிலும் பயனர் பெயர் முருகேசன்தான், கடவுச்சொல்லும் ஒன்றுதான், பிறகு ஏன் பழைய டிஸ்க்கைச் செருகினால் 'ஆக்சஸ் டினைடு' (அனுமதி மறுப்பு) என்கிறது? ஏனென்றால் விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. கணக்கு உருவாகும்போதே எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றை அதற்குக் கொடுத்துவிடுகிறது. என்டிஎஃப்எஸ் என்ற முறையில் கோப்புகளை அடுக்கி வைக்கும் டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்போடும் பதிவாவது அந்த எண்தான். பழைய முருகேசனின் எண் புதிய கணினிக்குத் தெரியாது. அதனால்தான் செக்யூரிட்டி பக்கத்தில் பெயருக்குப் பதிலாக 'அக்கவுன்ட் அன்னோன்' என்று காட்டுகிறது. பென் டிரைவில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அவை பெரும்பாலும் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். அவற்றில் உரிமையாளர் என்ற பதிவே கிடையாது.

உரிமையும் அனுமதியும் வேறு வேறு. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நிலத்தைக் குத்தகைக்கு விட முடியும் என்பது போல, ஒரு கோப்புறையின் உரிமையாளருக்கு அதைத் திறக்க அனுமதி இல்லாவிட்டாலும், அனுமதியை மாற்றி எழுதும் அதிகாரம் எப்போதும் உண்டு. ஆகவே முதலில் உரிமை, பிறகு அனுமதி. பலரும் தடுக்கி விழுவது உரிமையை மட்டும் மாற்றிவிட்டு ஏன் திறக்கவில்லை என்று திகைக்கும் இடத்தில்தான்.

ஆனால் உனக்கு வேண்டியது நிலப் பத்திர ஸ்கேன்களும் படங்களும் மட்டும் என்றால், உரிமையைத் தொடவே வேண்டாம் என்பேன். பழைய டிஸ்க்கில் எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது. கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் சன்னலை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திற. ரோபோகாப்பி (robocopy, விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளை) என்று அடித்து, எடுக்க வேண்டிய பாதை, சேர வேண்டிய பாதை இரண்டையும் மேற்கோள் குறிக்குள் கொடு. பின்னால் நான்கு வகைச் சுவிட்ச், அதாவது கட்டளை எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் குறிகள், சேர்: உள்கோப்புறைகளுக்கு ஈ (/E), பேக்கப் முறையில் அனுமதியைத் தாண்டிப் படிக்க பி (/B), இணைப்புக் கோப்புறைகளை விட்டுவிட எக்ஸ்ஜே (/XJ), கடைசியாக எத்தனை முறை மறுபடி முயல்வது என்பதற்கு ஆர், எத்தனை விநாடி காத்திருப்பது என்பதற்கு டபிள்யூ, இரண்டுக்கும் 1 (/R:1 /W:1). இந்தக் கடைசியை மறந்துவிடாதே. கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஒரே கோப்புக்காக 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயன்றுகொண்டே இருக்கும். நகல்கள் போய்ச் சேரும் கோப்புறையின் அனுமதியை எடுத்துக்கொள்ளும், தனியாக ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை.

அந்த டிஸ்க்கையே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறாய் என்றால் உரிமையை மாற்றத்தான் வேண்டும். கோப்புறையில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் வரியில் 'சேஞ்ச்' அழுத்தி உன் பயனர் பெயரை அடித்து 'செக் நேம்ஸ்' கொடு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவன் என்றால் மின்னஞ்சல் முகவரியை அடித்துப் பார். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. திரும்பி வந்ததும் ஓனருக்குக் கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' என்று ஒரு பெட்டி தெரியும், அதை டிக் செய்யாவிட்டால் மேல் கோப்புறை மட்டுமே உன்னுடையதாகும். ஓகே கொடுத்து எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டு மறுபடி திற. மூடாமல் தொடர்ந்தால் பழைய பட்டியலே தெரியும். இப்போது 'ஆட்' வழியாக உன் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடு. அடியில் உள்ள 'ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்' பெட்டி, உள்ளே தனித்தனியாக வைத்த அனுமதிகளை எல்லாம் அழித்துவிடும். உன் படங்களுக்கு அதனால் பாதகமில்லை, வேறெங்கும் யோசித்துச் செய்.

டிஸ்க் முழுவதற்கும், யூசர்ஸ் கோப்புறை முழுவதற்கும் இதைச் செய்யாதே. 'மை டாகுமென்ட்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா' என்று மங்கலாகத் தெரிபவை உண்மையான கோப்புறைகள் அல்ல, வேறிடத்துக்குக் கைகாட்டும் இணைப்புகள். வேண்டுமென்றே பூட்டி வைத்தவை. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் இந்த மூன்றும் போதும். புதிய கணினியின் சி டிரைவில் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் பக்கமே போகாதே. அங்கே பல கோப்புகளுக்கு உரிமையாளர் விண்டோஸின் சொந்தக் கணக்கான 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்', அதை மாற்றினால் அப்டேட் கோளாறாகலாம். அனுமதியை மறுக்கும் 'டினை' பெட்டியில் எதையும் டிக் செய்யாதே, அதிலும் 'எவ்ரிஒன்' பெயருக்குக் கூடவே கூடாது. அந்த எவ்ரிஒன்னில் நீயும் அடக்கம், ஒரே இடத்தில் அலவும் டினையும் இருந்தால் டினைதான் ஜெயிக்கும்.

கோப்பின் ஐகானில் பூட்டு அடையாளம் இருந்தால் அது வேறு கதை. உள்ளடக்கமே மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. பழைய கணக்கின் சான்றிதழ்ச் சாவி இல்லாமல், உரிமை மாற்றினாலும் ரோபோகாப்பி ஓட்டினாலும் படிக்க முடியாது. டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கும் பிட்லாக்கரில் அது இருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். இந்த இரண்டையும் முதலிலேயே பார்த்து எழுது, பழைய கணினியை எடைக்குப் போட்டுவிடாதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்