கல்லீரல் பரிசோதனை முடிவு உயர்ந்திருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

மிகுதியாக மது அருந்தியவர்கள், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருப்பதைக் கண்டு அஞ்சி, குடியை விடாமல் அந்த எண்களை மட்டும் குறைக்க டானிக் தேடுவது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. ஏஎஸ்டி என்ற நொதியின் அளவு ஏஎல்டி என்ற மற்றொரு நொதியைவிட 2 மடங்குக்கு மேல் இருந்தால், அது பெரும்பாலும் மதுவால் நேர்ந்த பாதிப்பையே சுட்டும். ஜிஜிடி என்ற இன்னொரு நொதியும் பொதுவாக உடன் உயரும். குடியை முற்றிலும் நிறுத்தினால் ஜிஜிடி சில வாரங்களில் இறங்குவதும், கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைவதும் பலரிடம் காணப்படுவதால், நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

ஆனால் நாள்தோறும் அதிகம் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அவர் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். எவ்வளவு குடித்தோம் என்பதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது (கூச்சம் இயல்புதான், ஆயினும் சிகிச்சை அதைப் பொறுத்தே அமைகிறது). பாராசிட்டமாலைக்கூட அவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

நொதிகள் இயல்பு நிலைக்குத் திரும்பிய பின்னும் கல்லீரலில் தழும்பு இருக்கக்கூடுமாதலால், ஸ்கேன் தேவையா என்றும் கேட்டறிவது நல்லது. கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், ரத்த வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்