சங்கத்தில் சேர்ந்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமய வரலாறு படிப்பவர்களின் வேலைவாய்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 'ஆய்வுச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகுங்கள், வழி பிறக்கும்' என்று முடித்திருந்தீர்கள். பாதி சரி. மீதிப் பாதியை, அந்த வழியில் செருப்புத் தேய நடந்தவன் என்ற முறையில் நான் சொல்லிவிடுகிறேன்.

திருச்சபை வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியதும் இரண்டு நேர்காணல்களுக்குப் போனேன். முதலாவது, ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறை. ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே ஒருவர், "உங்களுக்கே இதில் நம்பிக்கை உண்டோ?" என்றார். உண்டு என்றேன். ஏட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டார். அடுத்தது ஓர் இறையியல் கல்லூரி. அங்கே, இன்னின்னதை நம்புகிறேன் என்று உறுதி சொல்லும் விசுவாச அறிக்கையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அதன் நான்காவது வரி என் மூன்றாம் அத்தியாயத்தோடு நேராக மோதியது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இது இன்று நேற்று வந்த சங்கடமில்லை. பிலிப் ஷாஃப் என்ற அறிஞர் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன புதிதில், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபையின் வயிற்றில்தான் பிறந்தது என்று வாதிட்டார். துர்உபதேசம், அதாவது சபைக் கொள்கைக்கு மாறான போதனை என்று 1845இல் அவருடைய சபையே விசாரித்தது. குற்றமில்லை என்று விட்டது. அதே மனிதர்தான் 1888இல் நியூயார்க்கில் தம் வீட்டில் நாலு பேரைக் கூட்டி அமெரிக்கத் திருச்சபை வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் 1893இல் காலமானார். 1896இல் அந்தச் சங்கம் பொதுவான அமெரிக்க வரலாற்றுச் சங்கத்துக்குள் ஒரு பிரிவாக அடங்கியது. 1906இல் மறுபடி தனிக்குடித்தனம். எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி சங்கத்துக்கே இருந்தபோது, எங்களைப் போன்றவர்கள் எம்மாத்திரம்!

சங்கத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மூன்றாம் அத்தியாயத்தை அடிக்குறிப்பு உட்பட முழுசாக வாசித்து, தேநீர் இடைவேளையில் என்னோடு சண்டை போட்ட முதல் ஆள் ஒரு சங்கக் கூட்டத்தில் கிடைத்தவர்தான். ஆனால் கூட்டத்துக்குப் போகப் பயணச் செலவு, பதிவுக் கட்டணம், அறை வாடகை வேண்டும். அதைத் தரும் துறை வேலையில் இருப்பவருக்குத்தான் தரும். அமெரிக்க சமயக் கல்விக் கழகமும் விவிலிய இலக்கியச் சங்கமும் சேர்ந்து நடத்திவந்த, வேலை நேர்காணல்களும் நடந்த ஆண்டுக் கூட்டம் 2008இல் பிரிந்தது. 2011இல் மீண்டும் சேர்ந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பக்கமும் வேலை தேடியவர் இரண்டு முறை பெட்டி கட்ட வேண்டியிருந்தது. பெரியவர்கள் பிரிந்து சேரும்போது வண்டிச்சத்தம் கொடுப்பவன் வேலையில்லாதவன்.

நான் இப்போது ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு அட்டவணை போடுகிறேன். பிடித்த வேலைதான். இப்படியும் ஒரு வேலை உண்டு என்று நான் படித்த காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது சங்கத் தலைவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். முனைவர் படிப்புக்கு ஆள் சேர்க்கும் துறைகளிடமும் போய், கடந்த பத்தாண்டில் பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது என்று கேட்டு, அந்த எண்ணிக்கையைத் துறைவாரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்