டைம்ஷேர் மறுவிற்பனைத் தரகு அலுவலகத்தில் முடங்கியுள்ள அசல் சான்றிதழை மீட்டுத் தரக் கோரி மீண்டும் அளிக்கப்படும் மனு

அனுப்புநர்
இதே பொருள் குறித்து முன்னர் மனு அளித்த மனுதாரர்
(பெயரும் முகவரியும் இத்துடன் இணைத்துள்ள ஒப்புகைச் சீட்டுகளில் உள்ளபடி)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நுகர்வோர் பாதுகாப்பு – டைம்ஷேர் விடுமுறை ஒப்பந்தத்தை (ஆண்டுக்கு ஒரு வாரம் விடுதியில் தங்கும் உரிமையை) விரைவில் விற்றுத் தருவதாகக் கூறி முன்பணமும் அசல் ஆவணங்களும் பெற்றுக்கொண்ட தரகு நிறுவனம் – பெயர் மாற்றம் செய்யப்படாமை – ஆவணங்களை மீட்டுத் தரவும் விசாரணை நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: குறைதீர் கூட்டங்களில் நேரில் அளித்த எனது முந்தைய மனுக்கள்.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்கள் எதற்கும் இதுவரை எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்கவில்லை. "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்று கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பின்னர், "மனு முடித்து வைக்கப்பட்டது" என்று இன்னொன்று வந்தது. என்ன விசாரித்து, யாரைக் கேட்டு, எந்தக் காரணத்தால் முடித்து வைத்தார்கள் என்பது அதில் இல்லை. ஆகவே என் குறையை மீண்டும் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.

தங்கள் அலுவலகத்திலிருந்து பேருந்து நிலையம் செல்லும் சாலையில், வங்கிக் கிளைக்கு மேல்மாடியில், கண்ணாடி முகப்போடு இயங்கும் அந்தத் தரகு அலுவலகத்தைத் தாங்கள் அறிவீர்கள். "உங்கள் டைம்ஷேரை 30 நாளில் விற்றுத் தருகிறோம், வாங்குபவர் தயார்" என்று அதன் வாசலில் தொங்கும் பலகை, அவ்வழியே போகும் எவர் கண்ணிலும் படும். அந்த அலுவலகத்தைப் பற்றியதுதான் இம்மனு.

1. நானும் என் கணவரும் அவர் பணியில் இருந்த காலத்தில், ஒரு விடுமுறை விடுதி நிறுவனத்திடம் 25 ஆண்டுகளுக்கான டைம்ஷேர் உறுப்பினர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆண்டுக்கு ஒரு வாரம் அவர்களுடைய விடுதிகளில் தங்கிக்கொள்ளும் உரிமை அது. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். பக்கவாதத்திற்குப் பிறகு என் கணவரால் பயணம் செய்ய இயலாமல் போனதால், எஞ்சிய ஆண்டுகளை வேறொருவருக்கு விற்றுவிடத் தீர்மானித்தோம்.

2. அந்தச் சமயத்தில்தான் மேற்படி தரகு அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் உறுப்பினர் எண், ஒப்பந்தம் முடியும் ஆண்டு, விடுதியில் தங்குவதற்கு எங்களுக்கு உரிய பருவம் வரை அனைத்தையும் சொல்லிவிட்டு, ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களுக்காக உறுப்பினர் உரிமைகளை மொத்தமாக வாங்குவதாகவும், இம்மாதமே முடித்துவிடலாம் என்றும் கூறினார்கள். பதிவுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், வரி என்று மூன்று தலைப்புகளில் முன்பணம் பெற்றார்கள். ரசீதும் கொடுத்தார்கள். அந்த ரசீதில் "விளம்பரச் சேவைக்காக" என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. விற்பனை என்ற பேச்சே அதில் இல்லை.

3. பணம் போனதைக் காட்டிலும் எங்களை வதைப்பது வேறொன்று. பெயர் மாற்றத்திற்குத் தேவை என்று சொல்லி எங்களுடைய அசல் உறுப்பினர் சான்றிதழையும், இருவரும் கையொப்பமிட்ட பெயர் மாற்றப் படிவத்தையும், நோட்டரி முன்னிலையில் எழுதிய அதிகாரப் பத்திரத்தையும் அந்த அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. இவற்றை ஏன் கொடுத்தீர்கள் என்று தங்கள் அலுவலகத்திலேயே ஒரு பணியாளர் என்னைக் கேட்டார். விடுதி நிறுவனத்தின் பெயர் மாற்றப் படிவத்திலேயே, அசல் சான்றிதழை இணைக்க வேண்டும், நிலுவை ஏதும் இருக்கக் கூடாது, விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அசலைக் கொடுக்காமல் எவரும் இதை விற்க முடியாது, ஐயா.

வீடோ மனையோ விற்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எங்களிடம் இருப்பதோ தங்கும் உரிமைக்கான ஒப்பந்தம் மட்டும். அதற்கு அப்படி எந்த அரசுப் பதிவேடும் கிடையாது. விடுதி நிறுவனத்தின் கணினியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவரே உறுப்பினர், அவரே கட்டணத்திற்குப் பொறுப்பு. "விற்றாகிவிட்டது, வாழ்த்துகள்" என்று தரகு அலுவலகம் எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வாங்கியவர் பெயர் அதில் இல்லை. அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணக் கேட்பு, வழக்கம்போல என் கணவர் பெயருக்கும் என் பெயருக்கும்தான் வந்தது. விடுதி நிறுவனத்தைக் கேட்டபோது, எங்கள் பெயரில் எந்த மாற்ற விண்ணப்பமும் வரவில்லை என்றார்கள்.

இந்தக் கட்டணம் எங்களுக்கு எத்தகைய சுமை என்பதைத் தாங்கள் ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அது என் கணவரின் ஒரு மாத ஓய்வூதியத்தை விட அதிகம். ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதே தவிர இறங்கியதில்லை. கட்டத் தவறினால் வட்டி சேர்கிறது. நிலுவை இருக்கும்வரை அறை பதிவு செய்ய முடியாது. நிலுவை இருந்தால் பெயரையும் மாற்ற முடியாது. அதாவது, விற்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்காக, தங்கவும் முடியாத ஒரு அறைக்காக, படுக்கையில் இருக்கும் ஒருவருடைய மருந்துச் செலவிலிருந்து எடுத்து நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். போகட்டும், உறுப்பினர் உரிமையை நிறுவனத்திடமே திருப்பி ஒப்படைத்துவிடலாம் என்று முயன்றோம். ஒப்படைக்க வேண்டுமானால் அசல் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அசல் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

4. அந்த அலுவலகத்தின் வரவேற்பறையில் என்னைப்போலவே நெகிழி உறையில் காகிதங்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும் முதியவர்களை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். சிலரிடம் பேசியிருக்கிறேன். அதே தொலைபேசிப் பேச்சு, அதே மூன்று கட்டணங்கள், அதே வாழ்த்துக் கடிதம். மேலாளர் வெளியூர் போயிருக்கிறார் என்ற பதிலும் அனைவருக்கும் பொதுவானதே. அவர்களில் சிலர் இம்மனுவில் என்னுடன் கையொப்பமிட்டுள்ளனர்.

5. "இது தனிநபர்களுக்கு இடையிலான ஒப்பந்தப் பிரச்சினை, நீதிமன்றத்தை அணுகவும்" என்று வாய்மொழியாக எனக்குச் சொல்லப்பட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 16-ஆவது பிரிவு, நுகர்வோர் பலரின் உரிமைகள் மீறப்படுவது, முறையற்ற வணிக நடவடிக்கை, பொய்யான அல்லது திசைதிருப்பும் விளம்பரம் ஆகியவை குறித்த புகார்களைத் தமது எல்லைக்குள் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கே அளிக்கிறது. திசைதிருப்பும் விளம்பரங்களை நிறுத்த ஆணையிடவும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் 21-ஆவது பிரிவின்படி அந்த ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. எனவே இது தங்கள் அலுவலகத்திற்குத் தொடர்பில்லாத விஷயம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சட்டம் தங்கள் பதவியின் பெயரைச் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது.

6. முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பதாகச் சொல்லும் இந்தத் தந்திரம் புதிதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டிலேயே டைம்ஷேர் குறித்த வழிகாட்டு ஆணை ஒன்றைப் பிறப்பித்து, மறுவிற்பனை உண்மையில் நடந்து முடியும்வரை தரகர் எந்த முன்பணமும் வாங்கக் கூடாது என்று தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும், மறுவிற்பனைக்கு முன்கூட்டியே கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு உறுப்பினர்களுக்கு அறிவுறுத்துகிறது. டைம்ஷேருக்கு வாங்குபவர் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் முதலில் கொடுத்த விலையில் சிறு பகுதியே தேறும். அப்படியிருக்க, 30 நாளில் விற்றுத் தருவதாகச் சொல்லும் பலகை எப்படி உண்மையாக இருக்கும் என்று அந்தச் சாலை வழியே தினமும் போகும் எந்த அலுவலருமா கேட்கவில்லை?

7. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில நாள்களுக்கு முன்பு ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, தாம் ஒரு வழக்கறிஞர் என்றும், நான் இழந்த பணத்தை அரசு மூலமாக மீட்டுத் தருவதாகவும், அதற்கு ஒரு கட்டணத்தை மட்டும் முதலில் செலுத்த வேண்டும் என்றும் கூறினார். தரகரிடம் நான் எவ்வளவு கொடுத்தேன் என்பதைப் பைசா சுத்தமாகச் சொன்னார். முதலில் ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாவது முறையும் ஏமாற்றுவது இத்தகைய கும்பல்களின் வழக்கம் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. நான் பணம் கட்டவில்லை. ஆனால் என்னுடன் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் கட்டிவிட்டார். முதல் மனுவின் மீது நடவடிக்கை எடுத்திருந்தால் அவர் பணமாவது தப்பியிருக்கும்.

8. மீண்டும் பராமரிப்புக் கட்டணத்திற்கே வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை. இம்மனுவை எழுதும்போது அடுத்த ஆண்டுக்கான கேட்புக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. மேலே எங்கள் இருவர் பெயர், கீழே முந்தைய நிலுவை, அதன் மீது வட்டி, கடைசியில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கை. வாங்கியவர் யாரென்றே தெரியாத ஒரு விற்பனைக்காக எங்கள் மீது வழக்குத் தொடர்வார்கள். பணம் வாங்கியவர் மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பார். இது எந்த வகையில் நியாயம், ஐயா? யாரிடம் போய் நாங்கள் முறையிடுவது?

9. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம் என்பதை அறிவேன். அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, வழக்கிற்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தங்கள் அலுவலகத்தில் மனு கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் காலத்திலிருந்துதான் கழிகிறது. வழக்குத் தொடர்ந்தாலும் ஆவணங்கள் கைக்கு வர நாளாகும். அதுவரை கட்டணமும் வட்டியும் நிற்கப் போவதில்லை. தாங்கள் ஒரு வட்டாட்சியரை அனுப்பி அந்தக் கோப்பை எடுத்து வரச் சொன்னால் ஒரே பிற்பகலில் முடியக்கூடிய காரியம் இது.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து,

அந்தத் தரகு அலுவலகத்தில் உள்ள எங்கள் அசல் உறுப்பினர் சான்றிதழ், கையொப்பமிட்ட பெயர் மாற்றப் படிவம், அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை உடனடியாக மீட்டுத் தருமாறும்;

16-ஆவது பிரிவின் கீழ் விசாரணை நடத்தி மத்திய ஆணையத்திற்கு அறிக்கை அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் வழங்குமாறும்;

விசாரணை முடியும்வரை எங்கள் நிலுவைக்கு வட்டி சேர்ப்பதையும் சட்ட நடவடிக்கை எடுப்பதையும் நிறுத்தி வைக்கும்படி விடுதி நிறுவனத்திற்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் எழுதுமாறும் – மற்றவற்றிற்குக் காலம் ஆனாலும் இந்த ஒரு கடிதத்தையாவது இவ்வாரமே அனுப்புமாறும், ஏனெனில் நாங்கள் எழுதினால் மதிக்காதவர்கள் தங்கள் முத்திரையை மதிப்பார்கள் என்பதால்;

அந்தப் பலகையை அகற்றச் செய்யுமாறும் வேண்டுகிறேன். இன்று காலைகூட ஒரு வயதான தம்பதியர் அதை நின்று படித்துவிட்டு மாடிப்படி ஏறியதைப் பார்த்தேன்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம். அசல் சான்றிதழை மட்டுமாவது முதலில் வாங்கிக் கொடுங்கள், ஐயா. அது கையில் கிடைத்தால் மறுநாளே விடுதி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த கட்டணக் கேட்பு வராமல் தடுத்துக்கொள்வோம். சான்றிதழைத்தான் கேட்கிறோம், அதைத்தான் முந்தைய மனுக்களிலும் கேட்டோம்.

இம்மனுவும் "முடித்து வைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு நின்றுவிடாமல், விசாரிக்கும் அலுவலரின் பதவிப் பெயரையும் விசாரணை நாளையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமான பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் ரசீதுகள், வாழ்த்துக் கடிதம், கட்டணக் கேட்புகள் ஆகியவற்றின் அசலுடன் நான் நேரில் வருவேன். என் கணவரின் வாக்குமூலம் தேவைப்பட்டால், அவரால் மாடிப்படி ஏற இயலாது என்பதால், அலுவலர் ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரரும் உடன் கையொப்பமிட்ட உறுப்பினர்களும்