குவார்ட்சைட்டில் உதவிய பெரியவருக்கு நன்றி

அரிசோனாவின் குவார்ட்சைட்டில் பக்கத்து வண்டியிலிருந்து வந்து உதவிய பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் மோட்டார்ஹோம் (வீடு போலத் தங்கும் வசதியுள்ள வண்டி) 1986 மாடல், 454 கன அங்குல செவ்ரோலெட் வி8 எஞ்சின். மேடு ஏறினால் ஏசி காற்று முகத்துக்கு வராமல் முன்கண்ணாடிக்குத் திரும்பிவிடும். வண்டி நின்றால் எஞ்சின் நடுங்கும். இரண்டுக்கும் வேக்குவம் கசிவுதான், அதாவது எஞ்சின் உறிஞ்சும் இழுவிசை ரப்பர் குழாய்களில் வீணாவதுதான், காரணம் என்றார். இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து, வேக்குவத்தை அளக்கும் கேஜ் மாட்டினார். பாதரச அளவில் 13 அங்குலம்! 18-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டுமாம்.

வெடித்த ரப்பர் குழாய்களை மொத்தமாகப் பிடுங்க விடவில்லை. ஒன்றைக் கழற்றி, அதே அளவில் புதியதை வெட்டி மாட்டிய பிறகுதான் அடுத்தது. பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கு மட்டும் அதற்கென்றே உள்ள தடித்த குழாய். டார்ச் பிடித்த என் மனைவிக்குப் பாராட்டு கிடைத்தது, எனக்கு இல்லை, சரி.

இப்போது முள் 19-ல் அசையாமல் நிற்கிறது. ஐயா, உங்கள் கேஜ் எங்களிடமே தங்கிவிட்டது, எங்கே அனுப்பட்டும்?