கருப்பட்டியும் பல்லுக்குச் சீனிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளின் பல் பராமரிப்பு பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால், 'சீனிக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை கொடுத்தால் பல் சொத்தையாகாது' என்ற வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக் காப்பி குடித்தே வளர்ந்தவள் நான். அதன் ருசியும் மணமும் வேறெதற்கும் வராது. ஆனால் பல் விஷயம் வேறு.

சீனி, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த மூலக்கூறு அது. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, தான் சுரக்கும் நொதியால் அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே குளுக்கோஸ்களை ஒன்றோடொன்று கோத்து, குளுக்கான் என்ற நீண்ட சங்கிலியாக்குகிறது. இதில் ஒரு வகை தண்ணீரில் கரையாது. பசையாகப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். மற்ற கிருமிகளும் அதில் வந்து ஒட்ட, படலம் தடிக்கிறது. வாய் கொப்பளித்தால் மட்டும் அது போகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கிருமிகள் பல்லைக் கரைக்கும் அமிலத்தை உண்டாக்கப் பலவகைச் சர்க்கரைகள் போதும். இந்தப் பசைக்குச் சுக்ரோஸ்தான் வேண்டும். படலத்துக்கு அடியில் சேரும் அமிலத்தை உமிழ்நீர் சீக்கிரம் போய்ச் சமன்செய்ய முடிவதில்லை. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஹெச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும்.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும்படி என்பதே முக்கியம். ஸ்வீடனில் விபெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1940-களில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. ஒப்புதல் கேட்காமல் நோயாளிகளுக்கு ஒட்டும் டாஃபி கொடுத்துச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். அந்தக் கொடுமையை மறக்கக் கூடாது. ஆனால், சாப்பாட்டுக்கு இடையிடையே தின்ற ஒட்டும் இனிப்புதான் அதிகம் கெடுத்தது என்ற முடிவு இன்றும் நிற்கிறது.

கருப்பட்டி கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்க வைக்கிற வீடுகள் உண்டு. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு வெண்கோடு தெரியும், துடைத்தாலும் போகாது. சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'நாட்டுச்சர்க்கரைதானே' என்ற நிம்மதியில் தாய்மார்கள் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அடுத்த இணைப்பில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முதல் பல் முளைத்ததுமே இரவில் பல்லைச் சுத்தம் செய்து, அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் தர வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை,
திருச்செந்தூர்.