நெட் மீட்டர் கணக்கை மின்கட்டணப் பட்டியலில் முழுமையாக அச்சிட ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்
கூரையில் சூரிய மின்தகடு பொருத்தி நெட் மீட்டர் இணைப்புப் பெற்றுள்ள வீட்டு உரிமையாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

பொருள்: நெட் மீட்டர் இணைப்புள்ள வீடுகளின் மின்கட்டணப் பட்டியலில் உள்வந்த யூனிட், வெளிச்சென்ற யூனிட், முன்னிருப்பு, கழித்த முறை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும்படி மின்வழங்கல் நிறுவனங்களுக்கு ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீடுகளில் பகலில் விளையும் சூரிய மின்சாரத்தில் வீட்டுத் தேவை போக மிஞ்சுவது மின்கம்பிக்குப் போகிறது. பொழுது சாய்ந்தபின் அதே கம்பியிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலை நெட் மீட்டர் எனப்படும் இருவழி மீட்டர் பிசகாமல் குறித்துவைக்கிறது. ஆனால் கையில் கிடைக்கும் பட்டியலில் ‘நிகர யூனிட்’ என்று ஒற்றை எண் மட்டுமே இருக்கிறது. அது எதிலிருந்து எது போக வந்தது என்று அதில் இல்லை. அலுவலகத்தில் விசாரித்தால், கணினி போட்ட கணக்கு என்கிறார்கள். கணினியும் யாரோ எழுதிக்கொடுத்த விதிப்படிதான் கணக்குப் போடுகிறது. அந்த விதி பணம் கட்டுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதே இம்மனுவின் கோரிக்கை.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்களில் பலருக்கு வரும் கட்டணம் சரியாகவே இருக்கக்கூடும். சரியா, தவறா என்று பார்ப்பதற்கே வழியில்லை என்பதுதான் குறை.

முதலில், அதிகம் சண்டை வரும் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். தகடு தரும் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுமின்னோட்டமாக்கி வீட்டுச் சுற்றுக்குள் விடுகிறது. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்சாதனப்பெட்டியும் மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் அதை முதலில் எடுத்துக்கொள்கின்றன. மீதம்தான் மீட்டர் வழியே வெளியே செல்கிறது. வீட்டுக்குள்ளேயே செலவான பகுதி மீட்டரைத் தொடுவதே இல்லை. ஆகவே அது பட்டியலிலும் வராது. ஒரு வீட்டில் கட்டணக் காலம் ஒன்றில் இன்வெர்ட்டர் 400 யூனிட் உற்பத்தி காட்டுகிறது என்று கொள்வோம். அதில் 150 யூனிட் பகலிலேயே வீட்டில் செலவாகிவிட்டது. 250 வெளியே போனது. மாலையிலும் இரவிலுமாக 300 யூனிட் உள்ளே வந்தது. நிகரம் 50. வீட்டின் உண்மையான மொத்தச் செலவோ 450. பட்டியல் ‘50’ என்று மட்டும் சொன்னால், இன்வெர்ட்டரில் 400 என்று பார்த்த உரிமையாளர் என்ன நினைப்பார்? ‘என் 400 எங்கே?’ என்று அலுவலக வாசலில் போய் நிற்பார். அங்கே இருப்பவரிடமும் விடை இருக்காது. 300, 250 என்ற இரண்டு எண்களும் பட்டியலில் இருந்தால் அந்தப் பயணமே மிச்சம்.

இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. இன்றைய மின்னணு மீட்டர்கள் பலவற்றின் திரையில் 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது உள்வந்த மொத்த யூனிட், 2.8.0 என்பது வெளிச்சென்ற மொத்த யூனிட். கணக்கெடுக்க வருபவர் இரண்டையும் குறித்துக்கொண்டுதான் போகிறார். பட்டியலாக மாறும் வழியில் அவை காணாமல் போகின்றன.

பழைய சக்கர மீட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் வெளியே போனால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும், எண் குறையும். கணக்கு அங்கேயே முடிந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1983-லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. மின்னணு மீட்டர் வந்தபின் ‘நிகரம்’ என்பது சக்கரத்தின் வேலையாக இல்லாமல் கணக்குப்பிரிவின் வேலையாகிவிட்டது. கணக்குப்பிரிவு தன் கணக்கைக் காட்டவேண்டிய கட்டாயமும் அதிலிருந்தே பிறக்கிறது.

மீட்டரைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். மின்திருட்டைத் தடுப்பதற்காகச் சில ஒருவழி மீட்டர்கள், மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் அதை நுகர்வாகவே கூட்டும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. தகடு பொருத்தியாயிற்று, இருவழி மீட்டர் இன்னும் வரவில்லை என்ற இடைவெளியில் யாராவது இன்வெர்ட்டரை இயக்கிவிட்டால், அவர் கொடுத்த மின்சாரத்துக்கு அவரே காசு கட்டுவார். பட்டியலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நிறைய மின்சாரம் செலவழித்த வீடு போலத்தான் அது தோன்றும். அனுமதிக் கடிதத்திலேயே இந்த எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். மீட்டர் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் இறுதி அளவீட்டையும் புதியதன் தொடக்க அளவீடுகள் இரண்டையும் உரிமையாளரிடம் கையொப்பம் பெற்றுத் தர வேண்டும்.

அடுத்தது கழிக்கும் வரிசை. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ள இடங்களில் இது சிறிய விஷயம் அல்ல. முன்சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். 300-லிருந்து 250-ஐ முதலில் கழித்து, மிஞ்சும் 50-க்கு விலை போட்டால் அது மலிவான முதல் படியிலேயே முடிந்துவிடும். மாறாக, 300-ஐயும் படிப்படியாக ஏற்றி விலை போட்டுவிட்டு, பிறகு 250 யூனிட்டுக்குத் தாழ்ந்த ஒரே விலையில் பணம் கழித்தால் தொகை பல மடங்கு ஆகலாம். முதலாவது நெட் மீட்டரிங்: யூனிட்டுக்கு யூனிட் ஈடு. இரண்டாவது நெட் பில்லிங்: வாங்குவதற்கு ஒரு விலை, கொடுப்பதற்கு வேறொரு விலை. இரண்டுமே உலகில் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் ஒன்றைச் சொல்லி இணைப்புக் கொடுத்துவிட்டு மற்றொன்றின்படி கணக்குப் போடுகிறார்களோ என்ற ஐயம் எழும்போது, அதைத் தீர்த்துக்கொள்ளப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லையே!

நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் கட்டணத்திலும் இதே கேள்விதான். நண்பகலில் கொடுத்த யூனிட்டை மாலை உச்சநேர யூனிட்டோடு கழிப்பார்களா, நண்பகல் யூனிட்டோடு மட்டுமா? எந்த விதியானாலும் அது பட்டியலின் பின்புறத்திலாவது அச்சாகட்டும்.

மும்முனை இணைப்புள்ள வீடுகளின் நிலை இன்னும் நுட்பமானது. ஒருமுனை இன்வெர்ட்டர் ஒரு முனையில் மட்டுமே மின்சாரம் கொடுக்கிறது. அந்த முனையில் 3 கிலோவாட் வெளியே போகும் அதே ஒரு மணி நேரம், மற்ற இரு முனைகளிலும் தலா 1 கிலோவாட் உள்ளே வருகிறது என்று கொள்வோம். மூன்று முனைகளையும் சேர்த்துப் பார்க்கும் மீட்டர், 1 யூனிட் வெளியே போனது என்று எழுதும். முனைவாரியாகப் பார்க்கும் மீட்டரோ 3 வெளியே, 2 உள்ளே என்று எழுதும். யூனிட்டுக்கு யூனிட் ஈடு என்றால் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். வாங்கும் விலை கூடுதலாகவும் கொடுக்கும் விலை குறைவாகவும் இருந்தால் இரண்டாவது மீட்டர் உள்ள வீட்டுக்காரருக்கு நட்டம். தன் வீட்டு மீட்டர் எந்த வகை என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் அனுபவத்தில், மீட்டர் மாட்ட வந்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இனி முன்னிருப்பு. ஒரு கட்டணக் காலத்தில் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகமானால் மிச்ச யூனிட்டுகள் அடுத்த காலத்துக்குப் போகின்றன. ஆண்டுக்கொரு முறை தீர்வு நாளில் கணக்கு முடிக்கப்படுகிறது. அன்று கையிருப்பில் உள்ளவற்றுக்கு, இடத்துக்கு இடம் மாறும் விதிப்படி, சொற்ப விலை கிடைக்கும், அல்லது அவை காலாவதியாகும். அந்த நாள் எது என்பதைப் பொறுத்து ஒரே வீட்டுக்கு, ஒரே தகட்டுக்கு, ஆண்டுப் பலன் மாறிவிடும். வெயில் காலம் முடிந்த கையோடு தீர்வு நாள் வந்தால், சேர்த்த யூனிட்டுகள் செலவழிப்பதற்கு முன்பே போய்விடும். அடுத்து வரும் மேகமூட்ட மாதங்களில் முழு விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். மேகமூட்டக் காலம் முடிந்தபின் தீர்வு வைத்தால் சேர்த்தது பயன்பட்டிருக்கும். அறுவடை முடிந்த மறுநாளே நெற்களஞ்சியத்தைக் காலி செய்யச் சொல்வது போன்றது முதல் ஏற்பாடு. தீர்வு நாளை நிதியாண்டின் வசதிக்காக அல்லாமல் பருவத்தைப் பார்த்து வைக்க ஆணையம் பரிசீலிக்க வேண்டுகிறோம். அது இயலாவிட்டாலும், இன்றைய கையிருப்பு எவ்வளவு, அது எந்த நாளில் முடிகிறது என்ற இரண்டையும் ஒவ்வொரு பட்டியலிலும் காட்டச் செய்யலாம். வீடு கைமாறும்போது கையிருப்பு யாருக்குச் சேரும் என்பதையும் சேர்த்தே தெளிவுபடுத்திவிடலாம்.

மறுதரப்பின் வாதத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். தகடு வைத்த வீடு கம்பிக்கும் கம்பத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் தன் பங்கைக் கொடுக்காமல் தப்பித்தால், அந்தச் சுமை தகடு வைக்க வசதியில்லாத வீட்டின் மேல் விழும் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தகடுகள் கம்பியைச் சார்ந்தே இயங்குகின்றன. மின்தடை வந்த நொடியில், கொளுத்தும் வெயிலிலும், எங்கள் இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரின் உயிருக்கு எங்கள் மின்சாரம் எமனாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்கலம் இல்லாத வீட்டில் பட்டப்பகலிலும் மின்விசிறி நிற்கும். ஆகவே நிலைக்கட்டணம் கட்ட மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைத் தனி வரியாகக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். ‘யூனிட் பூஜ்யம், ஆனாலும் பணம் கேட்கிறார்கள்’ என்ற புலம்பலில் பாதி, அந்த வரி இல்லாததால் வருவது.

விதிகளை மாற்றும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. மாற்றவேண்டிய காலமும் வரலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தவர்கள் கம்பிக்குக் கொடுக்கும் யூனிட்டின் மதிப்பை வெகுவாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே இணைப்புப் பெற்றிருந்தவர்களுக்குப் பழைய விதியையே, இணைத்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, விட்டுவைத்தார்கள். அதே நாட்டின் நெவாடா மாநிலத்தில் 2015 டிசம்பரில் பழைய வீடுகளையும் சேர்த்தே புதிய கணக்குக்குள் இழுத்தார்கள். எதிர்ப்பு வெடித்து, மறு ஆண்டே அந்த வீடுகளுக்குப் பழைய கணக்கைத் திருப்பித் தர நேர்ந்தது. தகடு இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் பொருள். கடன் வாங்கிப் பொருத்தியவர், பொருத்திய அன்றைய விதியை நம்பித்தான் தவணைக் கணக்குப் போட்டிருப்பார். எதிர்கால மாற்றம் எதுவாயினும் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை ஆணையில் ஒரு வாக்கியமாகவேனும் சேர்க்க வேண்டுகிறோம்.

நண்பகலில் கம்பியின் மின்னழுத்தம் ஏறி எங்கள் இன்வெர்ட்டர்கள் அடிக்கடி துண்டித்துக்கொள்வது பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குத் தனி மனு தருகிறோம்.

ஆகவே, நெட் மீட்டர் வீடுகளுக்கான பட்டியலில் 1.8.0, 2.8.0 ஆகிய இரண்டின் முந்தைய, இன்றைய அளவீடுகளும், முன்னிருப்பும், இந்தக் காலத்தில் கழித்ததும், மிஞ்சியதும், அது காலாவதியாகும் நாளும், நிலைக்கட்டணமும் தனித்தனி வரிகளாக இடம்பெறுமாறும், எந்த விதியின்படி, எந்த வரிசையில் கழிக்கப்பட்டது என்பது அதே தாளில் இருக்குமாறும் மின்வழங்கல் நிறுவனங்களுக்கு ஆணையிட வேண்டுகிறோம். கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளில், அந்தப் பதிவை உரிமையாளரே இணையத்தில் எடுத்துக்கொள்ள வசதி தேவை. மும்முனை மீட்டர் எம்முறையில் கூட்டுகிறது என்பதை மீட்டர் பொருத்தும் சான்றிலேயே குறிக்கச் செய்ய வேண்டும். இதுவரை ஒற்றை எண்ணோடு வழங்கப்பட்ட பட்டியல்களுக்கும், கேட்கிறவர்களுக்கு, கட்டணம் எதுவும் வாங்காமல் விவரக்கணக்குத் தரச் செய்ய வேண்டும்.

எங்கள் வீடுகளின் பட்டியல் நகல்களையும், நாங்கள் தயாரித்துள்ள மாதிரிப் பட்டியல் ஒன்றையும் இணைத்துள்ளோம். மாதிரி ஒரே பக்கத்தில் அடங்குகிறது. ஆணையம் விசாரணைக்கு அழைத்தால் மீட்டர் அளவீடுகளின் குறிப்பேடுகளோடு நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெட் மீட்டர் இணைப்புள்ள வீட்டு உரிமையாளர்கள்

இணைப்பு: மின்கட்டணப் பட்டியல் நகல்கள், மாதிரிப் பட்டியல், கையொப்பத் தாள்.